நாலு இழுப்பு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. எனக்கு யாரையும் மறுத்துப் பேச வராது. ஆனால் எனக்கு நடந்தது மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டே காலுக்கு. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு மேலே மட்டும்.

நான் விலங்கியல் படித்தவள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். இதில் நான் கண்ணால் பார்த்தது மிகக் குறைவு. அதனால் பார்த்ததைப் பார்த்தது என்றும், தொட்டு உணர்ந்ததை அப்படியேயும் எழுதுகிறேன். அந்தக் கல்குவாரி எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டேன். வேளச்சேரி தாண்டி, தாம்பரம் போகும் வழியில் பல குவாரிகள் உண்டு. அதில் ஒன்று. போய்ப் பார்க்க வேண்டாம்.

என் பெயர் பேச்சியம்மாள். வீடு மாம்பலத்தில். அப்பாவுக்கு ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடை. எனக்கு மண்டபம் என்ற கடலோர ஊரில் ஒரு வேலை கிடைத்திருந்தது, கடலுக்கடியில் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் வேலை. ஸ்கூபா டைவிங்கில் இரண்டாம் நிலைச் சான்றிதழ் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். மற்ற பயிற்சியெல்லாம் முடித்துவிட்டேன். பதினெட்டு மீட்டருக்குக் கீழே ஒரே ஒரு டைவ் பாக்கி. அடுத்த வாரம் வேலையில் சேர வேண்டும். அந்த நேரம் பார்த்து வங்கக் கடலில் புயல் சின்னம். படகு எதுவும் போகவில்லை.

"கடல் இல்லன்னா என்ன, குவாரி இருக்கு" என்றார் செம்பியன் மாஸ்டர்.

பாலவாக்கத்தில் டைவிங் பள்ளி நடத்துபவர் அவர். நாற்பது வயதிருக்கும். நல்ல பயிற்சியாளர். அதை இப்போதும் சொல்வேன். கரையிலிருந்தே இறங்கக்கூடிய ஆழமான நன்னீர் வேறு எங்கும் கிடையாது, ஆனால் புதியவர்களை அங்கே கூட்டிப்போக மாட்டேன் என்பார். கீழே இருட்டு. கல்தூள் கலங்கினால் கையை மூக்குக்கு நேரே வைத்தாலும் தெரியாது.

அன்று நாங்கள் நான்கு பேர். மாஸ்டர். நான். என்னோடு பயிற்சி எடுத்த ரகுபதி, வேளச்சேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், வாய் ஓயாதவன். கரையில் கயிறு பிடிக்க பாலு. பள்ளியில் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புவது அவன்தான்.

வழக்கமாக குவாரியின் தெற்குப் பக்கம்தான் இறங்குவார்களாம். அந்த வருடம் வெயிலில் தண்ணீர் வற்றி, தெற்குப் பக்கம் செங்குத்துப் பாறையாக நின்றது. மிச்சம் இருந்தது வடக்குச் சரிவு. முன்பு கல் ஏற்ற லாரிகள் இறங்கிய மண் ரோடு. அப்படியே தண்ணீருக்குள் போய் மறைந்தது.

மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"சூப்பர் ரோடு மாஸ்டர்" என்றான் ரகுபதி. "ஓலா புக் பண்ணா கீழ வரைக்கும் போயிடலாம்."

"கீழ பழைய மெஷின் ஒண்ணு கிடக்கு. கல் உடைக்கிறது. அது பக்கம் போகக் கூடாது. கயிறு மாட்டிக்கும்." அவர் சிரிக்கவில்லை.

கயிற்றைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கண் தெரியாத தண்ணீரில் பேச்சு, சைகை எல்லாம் கயிற்றில்தான். நீல நிறக் கயிறு. ஒரு முனை கரையில் பாலுவின் கையில். மறு முனை மாஸ்டர் இடுப்பில், கொக்கியில். அங்கேயே கயிறு முடிகிறது. மாணவர் அவருக்கு ஒரு கை தூரம் பின்னால், தன் பெல்ட்டிலிருந்து ஒரு கொக்கியை அந்தக் கயிற்றில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று, நானே வருகிறேன். நாலு... என்னை உடனே மேலே இழு.

எந்த இழுப்பு வந்தாலும், வாங்கியவர் அதையே திருப்பி இழுக்க வேண்டும். புரிந்தது என்று அர்த்தம். இதுதான் விதி.

"பேச்சி, சொல்லு. நாலு வந்தா?" என்றார் மாஸ்டர்.

நான் நாலு விரலைக் காட்டி, பிறகு மேலே காட்டினேன்.

"பேர்ல மட்டும்தான் பேச்சு" என்றான் ரகுபதி. பாலு சிரித்தான்.

முதலில் ரகுபதியின் முறை. இருவரும் முதுகில் சிலிண்டரோடு ரோட்டில் நடந்தே தண்ணீருக்குள் இறங்கினார்கள். முழங்கால். இடுப்பு. கழுத்து. பிறகு குமிழிகள் மட்டும்.

நான் பாலுவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் கயிற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை உதறினான்.

"இன்னா மேடம் இது, கவுறு இம்மாம் கனமா கீது? ரெண்டு பேருதான போனாங்க?"

தண்ணீரில் ஆளுக்கு எடை இருக்காது. கயிற்றில் கனம் தெரியவே கூடாது. எனக்கு அது தெரியும். பாசி சுற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திடீரென்று பாலுவின் கை முன்னால் போனது. நாலு முறை.

அவன் நாலு திருப்பிக் கொடுத்துவிட்டு இழுக்க ஆரம்பித்தான். இருவரும் சீக்கிரமே தலை தூக்கினார்கள். ரகுபதி வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டு, தண்ணீரிலேயே உட்கார்ந்தான்.

"மாஸ்டர், எதுக்கு என் மூஞ்சியத் தடவுனீங்க?"

"நான் எங்கடா தடவுனேன்?"

"நெத்தி, மூக்கு, தாடைன்னு... விரல் விரலா..."

"நான் உனக்கு முன்னாடி இருந்தேன். பாசி பட்டிருக்கும்." மாஸ்டர் மாஸ்க்கைக் கழற்றினார். "பன்னெண்டு மீட்டர்ல பயந்து நாலு இழுத்துட்ட. சரி, விடு. பரவால்ல."

"நான் இழுக்கல. நீங்கதான இழுத்தீங்க?"

மாஸ்டர் தன் இடுப்புக் கொக்கியைக் குனிந்து பார்த்தார். பூட்டியபடியே இருந்தது.

"எனக்கு சர்ட்டிபிகேட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆள விடுங்க சாமி." ரகுபதியின் உதடு நீலம் பூத்திருந்தது. அந்த வெயிலில் அவனுக்குப் பல் கிட்டியது.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா? அடுத்த வாரம் சேரணும்ல? இல்ல, நீயும் பயந்துக்கிறியா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. தலையை ஆட்டினேன்.

ரகுபதி என் கையைப் பிடித்தான். "பேச்சி, போகாத." அன்று அவன் விளையாடாமல் சொன்ன ஒரே பேச்சு அது.

எட்டே காலுக்குக் கழுத்தளவு தண்ணீரில் நின்றேன். கொக்கியை நானே மாட்டினேன். அதற்கு இரட்டைப் பூட்டு. கட்டைவிரலால் அழுத்தி, ஆள்காட்டி விரலால் தள்ளினால்தான் திறக்கும். தானாகத் திறக்காது. இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

மூன்று மீட்டர் வரை பச்சை வெளிச்சம். மாஸ்டர் காலில் மாட்டியிருந்த துடுப்புகள் முன்னால் அசைந்தன. காலுக்கடியில் லாரிச் சக்கரத் தடங்கள் இன்னும் இருந்தன.

எட்டு மீட்டரில் பச்சை, பழுப்பானது.

பதினொன்றில் தண்ணீர் சட்டென்று குளிர்ந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்ததுபோல. வெயில் காலத்தில் ஆழமான குட்டைகளில் இப்படி இருக்கும். படித்திருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

டார்ச்சைப் போட்டேன். டீத்தூள் கலங்கிய மாதிரி ஒரு வட்டம். அதற்குள் என் கை. நீலக் கயிறு. வேறு ஒன்றுமில்லை.

பின்னாலிருந்து ஒரு இழுப்பு. பாலு. நலமா?

நான் ஒன்று திருப்பிக் கொடுத்தேன். முன்னாலிருந்து மாஸ்டரும் ஒன்று கொடுத்தார்.

பதினைந்து மீட்டர்.

முன்னாலிருந்து மறுபடி ஒரு இழுப்பு. நான் திருப்பினேன்.

மறுபடி ஒன்று.

மாஸ்டர் ஏன் இத்தனை முறை கேட்கிறார்?

பதினெட்டு. சான்றிதழுக்கு இது போதும். திரும்பலாம் என்று காட்ட அவரைத் தேடினேன். என் தோள் எதிலோ இடித்தது. டார்ச்சைத் திருப்பினேன். மாஸ்டர். என் பக்கத்திலேயே இருந்தார். கறுப்புக் கையுறை போட்ட விரல்களால் 'நலம்' என்று வட்டம் காட்டினார். இரண்டு கையும் எனக்குத் தெரிந்தது. இரண்டிலும் கயிறு இல்லை.

என் கையில் கயிறு அசைந்தது.

முன்னாலிருந்து.

கயிறு அவர் இடுப்பில் முடிய வேண்டும். முடியவில்லை. அவரைத் தாண்டிக் கீழே போனது. விறைப்பாக.

ஒன்று... இரண்டு... மூன்று... நாலு.

என் கை ஆடியதை மாஸ்டர் பார்த்தார். டார்ச்சைக் கீழே அடித்தார். பழுப்பு. பழுப்புக்குள் ஏதோ இரும்பின் விளிம்பு. துருப்பிடித்த பல்சக்கரம்.

மாஸ்க்குக்குள் அவர் கண்கள் பெரிதாயின. அந்தக் கண்களில் ஆச்சரியம் இல்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அவர் கயிற்றைப் பிடித்து, கரையை நோக்கி நாலு இழுத்தார்.

கரையிலிருந்து நாலு வந்தது.

கீழேயிருந்தும் நாலு வந்தது.

வாங்கியவர் அதையே திருப்ப வேண்டும். கீழே இருந்ததற்கு விதி தெரிந்திருந்தது.

பாலு இழுக்கத் தொடங்கினான். கயிறு நரம்புபோல் விறைத்தது. நாங்கள் ஒரு அடிகூட நகரவில்லை. நான் அந்த மனிதரோடு ஒரே கயிற்றில் மாட்டியிருந்தேன். அவர் போனால் நானும் போவேன்.

அடியிலிருந்து கல்தூள் எழுந்தது. டார்ச் வெளிச்சம் அணைந்ததுபோல் மறைந்தது.

இருட்டு.

என் மூச்சுச் சத்தம்... ஸ்ஸ்... ஹோ... ஸ்ஸ்... ஹோ...

நெற்றியில் ஒரு விரல்.

கையுறை இல்லாத விரல்.

மெதுவாக இறங்கியது. மாஸ்க்கின் கண்ணாடி மேல் நகம் கீறியது. க்ரீச்...

கன்னம். தாடை. காது.

தேடியது.

நின்றது.

பிறகு என் இடுப்பில் ஒரு அழுத்தம். ஒரு தள்ளல்.

'டிக்.'

கொக்கி திறந்தது.

என் மார்பில் ஒரு உள்ளங்கை வந்து படிந்தது. தள்ளியது. முரட்டுத்தனமாக அல்ல. கூட்டத்தில் பிள்ளையை ஓரமாக நிறுத்துவார்களே, அப்படி.

நான் மேலே மிதந்தேன்.

கீழே மாஸ்டர் கத்தினார். வாயில் குழாயோடு கத்தினால் சொல் வராது. "ம்ம்ம்ம்..." என்றுதான் வரும். தண்ணீரில் எந்தப் பக்கமிருந்து சத்தம் வருகிறது என்று தெரியாது. எல்லாப் பக்கமிருந்தும் வந்தது.

நீலக் கயிறு கையில் தட்டுப்பட்டது. பிடித்துக்கொண்டே ஏறினேன். வேகமாக ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும். குமிழிகளை முந்தக் கூடாது என்று அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். முந்தவில்லை.

ஐந்து மீட்டரில் நின்று உடம்பை நிதானப்படுத்த வேண்டும். அதையும் செய்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். மூளை வேலை செய்யவில்லை, பழக்கம்தான் வேலை செய்தது. பச்சை வெளிச்சத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். கயிறு என் கைக்குள் ஆடிக்கொண்டே இருந்தது.

நாலு.

நாலு.

நாலு...

பிறகு கயிறு தொய்ந்தது.

கரையில் பாலு மல்லாக்க விழுந்து கிடந்தான். அவன் மேல் நீலக் கயிறு சுருள் சுருளாக. ரகுபதியும் சேர்ந்து இழுத்திருக்கிறான். இருவர் உள்ளங்கைகளும் சிவந்திருந்தன.

"நாலு நாலா வந்துக்கினே இருந்திச்சு மேடம்! நானும் இயுத்தேன், இவரும் இயுத்தாரு. மலைய இயுக்கற மாரி இருந்திச்சு. அப்பால திடீர்னு வந்துட்ச்சு..."

கயிற்றின் முனையைக் காட்டினான். மாஸ்டரின் கொக்கி. உடையவில்லை. வளையவில்லை. யாரோ கட்டைவிரலால் அழுத்தி, ஆள்காட்டி விரலால் தள்ளித் திறந்திருந்தார்கள்.

ரகுபதி போன் செய்தான். நான் ரோட்டில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தேன். நடுவில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. ஒழுங்காக. மூச்சு விடும் மனிதனின் குமிழிகள். என் சிலிண்டரில் காற்று மிச்சம் இருந்தது. நான் மறுபடி இறங்கவில்லை. ரகுபதி அந்தக் குமிழிகளைப் பார்த்து, "மாஸ்டர் உயிரோட இருக்காரு, வந்துருவாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

தீயணைப்பு வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் குமிழிகள் நின்றன.

கீழே இறங்கியவர் ஹபீபுர் ரஹ்மான் என்ற தீயணைப்பு வீரர். இது மாதிரி எத்தனையோ உடல்களை எடுத்தவர். மேலே வந்ததும் மாஸ்க்கைக் கழற்றாமலே கரைக்கு நடந்து வந்தார். பிறகு ரகுபதியிடம், "உங்க கயிறு என்ன கலரு?" என்று கேட்டார்.

"நீலம்."

"கீழ இருக்கறது மஞ்சள்."

அவர் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

கல் உடைக்கும் மெஷினின் பல்சக்கரத்தில் ஒரு பழைய மஞ்சள் கயிறு சிக்கியிருந்தது. அதன் ஒரு முனை மாஸ்டரின் இடுப்பில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. முடிச்சுக்குள்ளே பழைய பாசி. இறுகி, ஒட்டி, புதிதாகப் போட்ட முடிச்சுபோலவே இல்லை. அவர் காலில் கட்டியிருந்த கத்தி உறை காலி. கத்தி நாலடி தள்ளிக் கிடந்தது, ஒரு எலும்புக்கூட்டின் பக்கத்தில். எலும்புக்கூட்டின் முதுகில் பழைய சிலிண்டரும், இடுப்பில் அரைஞாணும் வெள்ளித் தாயத்தும் இருந்தன. கட்டிக்கொண்டு இறங்கிய கயிறு மட்டும் இல்லை.

மஞ்சள் கயிற்றின் மறு முனை சரிவில் கரையை நோக்கிக் கிடந்தது. அது பிய்ந்ததல்ல. கத்தியால் ஒரே வெட்டாக அறுத்தது.

எலும்புகளுக்கு உரியவர் பெயர் கருணாகரன். பாலுவுக்கு முன்னால் அந்தப் பள்ளியில் சிலிண்டர் நிரப்பியவர். அவருடைய மனைவியை நான் அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு வெளியே பார்த்தேன். பொன்மணி என்று பெயர். அடையாற்றுக் கரையில் குடிசையில் இருந்தவர்கள். இப்போது அவர்களை அரசு பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் குடிவைத்திருக்கிறது. வீட்டு வேலைக்குப் போகிறார். முகத்தில் அழுத அடையாளம் இல்லை.

"நீதான் அந்தப் பொண்ணா?"

தலையை ஆட்டினேன்.

"எவனோ தண்ணில காமிராவ வுட்டுட்டானாம். நம்மாளுக்கு நல்லா நீச்சல் தெரியும்னு இட்டுனு போனான் அந்த செம்பியன். அத்தோட வூட்டுக்கு வரல. நான் போய் நின்னேன் அவன் வாசல்ல. 'காமிராவ எடுத்துக் குடுத்தான், காச வாங்கினான், எவளையோ இட்டுனு பெங்களூர் பூட்டான், நீ போய் அங்க தேடு'ன்னான். ரெண்டு வருசம் நம்பிக்கினு இருந்தேன். டெய்லி எந்திரிச்சதும் அந்த மனுசன திட்டிட்டுத்தான் வேலைக்கே போவேன். புள்ளைங்க முன்னாடி."

மாஸ்டர் ஏன் கயிற்றை அறுத்தார் என்று யாருக்கும் தெரியாது. கருணாகரனுக்கு டைவிங் பயிற்சி கிடையாது. குவாரியில் இறங்க அனுமதி கிடையாது. கயிறு சக்கரத்தில் சிக்கியிருக்கிறது. கீழேயிருந்து நாலு நாலாக வந்திருக்கும். எத்தனை நேரம் வந்ததோ... கரையில் நின்றவருக்கு மட்டும்தான் தெரியும்.

"நம்மாளு உன்ன இன்னா பண்ணாரு?" என்று கேட்டார் பொன்மணி.

நான் சொன்னேன். நெற்றி, கன்னம், தாடை. என் வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

"கரண்டு இல்லாத ராத்திரில வந்தா அப்டித்தான். புள்ளைங்கள்ல எது பெர்சு, எது சின்னதுன்னு மூஞ்சியத் தொட்டுப் பாத்துட்டு, தாண்டிப் போய்ப் படுப்பாரு."

பிணவறையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"அவன் எப்டிச் செத்தான்?"

ஹபீபுர் ரஹ்மான் கடைசியாகச் சொன்னதைச் சொல்ல வேண்டியதாயிற்று. மாஸ்டரின் சிலிண்டரில் காற்று துளியும் மிச்சமில்லை. நான் மேலே வரும்போது அதில் பாதிக்கு மேல் இருந்திருக்க வேண்டும். மீதியை அவர் அங்கேயே இருந்து சுவாசித்து முடித்திருக்கிறார். கையுறைகள் இரண்டும் உள்ளங்கையில் தேய்ந்து, கிழிந்து, தோலும் போயிருந்தது. மஞ்சள் கயிற்றை இழுத்திருக்கிறார். யாரும் பிடித்திருக்காத கயிற்றை. இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து... காற்று தீரும் வரை.

"எத்தினி நேரம்?"

"அரை மணி நேரம் இருக்கும்" என்றேன்.

பொன்மணி எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு, புருஷனை வாங்க உள்ளே போனார்.